மீன் இங்கே, ஜாடி பாரிசில்

எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய சுறா ஒன்று இருக்கிறது. அறிவியல் பெயர் கார்காரைனஸ் ஹெமியோடான். உலகம் முழுக்க அதைப் பாண்டிச்சேரி சுறா என்றுதான் சொல்கிறார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் முதலாண்டு வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அடுத்த கேள்வியும் தயாராக வரும்: "நீங்க பாத்திருக்கீங்களா மேடம்?" பார்த்ததில்லை. எனக்குப் பாடம் சொன்னவர்களும் பார்த்ததில்லை. உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இருபதைத் தொடாது. 1979க்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லாத பதிவு ஒன்றுகூடக் கிடையாது. 2001இல் இந்திய அரசு இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. ஆளையே காணாத மீனுக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பு.

இதை முதலில் நூலில் ஏற்றியவர்கள் ஜெர்மானியர்கள் இருவர்: யோஹன்னஸ் முல்லர், பிரீட்ரிக் ஹென்லே. 1839இல் சுறா, திருக்கை வகைகளைப் பற்றி அவர்கள் எழுதிய பெருநூலில் இது வருகிறது. பெயர் வைத்த புண்ணியத்தை அவர்கள் பாரிசில் இருந்த அஷீல் வலான்சியனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வலான்சியன் பார்த்தது புதுச்சேரிக் கடலில் பிடிபட்டுச் சாராயத்தில் ஊறிக் கப்பலேறிய குட்டி. பிடித்த ஆள் யார், எந்தக் குப்பத்துக்காரர், வலையா தூண்டிலா என்றெல்லாம் எழுதிவைக்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை. புதுச்சேரி என்று ஒரே ஒரு சொல், அதோடு சரி.

புதுச்சேரி மீன்களைப் பாரிசுக்கு அனுப்பியவர்களில் முக்கியமானவர் லெஷெனோ த லா தூர். அவர் மீன்காரர் இல்லை, செடிக்காரர். ஆஸ்திரேலியாவுக்குப் போன போதான் பயணக் குழுவில் தாவரவியலாளராக இருந்தவர். வழியில் உடம்பு முடியாமல் இறங்கி, ஜாவாவில் சில ஆண்டுகள் சுற்றியவர். நெப்போலியன் போர்கள் ஓய்ந்து, 1816 டிசம்பரில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது, பிரெஞ்சு அரசு அவரை இங்கே அனுப்பியது. தோட்டம் போடுவது, விதையும் நாற்றும் சேர்த்துப் பிற குடியேற்றங்களுக்கு அனுப்புவது, இதுதான் உத்தியோகம். ஆனால் அக்காலத்து இயற்கையியலாளருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சேகரம்தான். 1822இல் ஊர் திரும்பும்வரை அவர் அனுப்பிய மீன்கள் பாரிஸ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் குவியேவின் மேஜையில் போய் விழுந்தன.

குவியேவும் வலான்சியனும் சேர்ந்து தொடங்கிய மீன் நூல் 1828இல் வெளிவர ஆரம்பித்து 1849இல் 22ஆம் தொகுதியோடு நின்றது. அதில் புதுச்சேரி என்ற ஊர்ப்பெயர் அடிக்கடி தலைகாட்டும். பக்கத்திலேயே லெஷெனோவின் பெயர். அதற்கும் பக்கத்தில், அவர் கரையில் கேட்டு எழுதிக்கொண்ட தமிழ்ப் பெயர். தோல் பாறை என்று நம்மவர்கள் சொல்லும் மீன் இன்றைக்கும் உலக மீனியலில் ஸ்காம்பராய்டஸ் தோல்தான். 1832இல் குவியே வைத்த பெயர். அந்த மீனும் புதுச்சேரியிலிருந்து போனதே.

இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முதல் ஆட்களும் அல்ல. தெற்கே டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் அதற்கு முன்பே பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு மீன் அனுப்பிக்கொண்டிருந்தார். நாம் கத்தாளை என்கிற மீன்களில் ஒரு பேரினத்துக்கே பிளாக் 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். விராலுக்குப் பிரெஞ்சு இயற்கையியலாளர் லசெப்பேத் வைத்த பழைய பெயரில் 'விரால்' ஐரோப்பிய எழுத்துக்கூட்டலில் சிதைந்து கிடக்கிறது. இன்னொரு தரங்கம்பாடிக்காரர், டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791இல் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த கெண்டையைத் தன் கையால் பிடித்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதிப்போட்டார். பனையேறிக் கெண்டை உண்மையிலேயே பனை ஏறுமா என்று விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் மழைக்காலத்தில் ஏரிக்கரையில் நின்று பார்த்தார்கள் என்பது வேறு கதை.

நான் சொல்லவருவது இதுதான். சோழமண்டலக் கரையின் மீன் அறிவு, எழுத்தான காலத்திலிருந்தே, ஏற்றுமதிச் சரக்கு. மீனும் போனது, மீனவன் சொன்ன பெயரும் போனது. நூல் பாரிசிலும் பெர்லினிலும் அச்சானது. கரைக்குத் திரும்பி வந்தது என்ன என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்த பிறகுதான் நான் கேட்க ஆரம்பித்தேன்.

சுறாவுக்கே வருவோம். பெரிய மார்க்கெட்டில், அதாவது பலகையில் குபேர் அங்காடி என்று எழுதியிருக்கும் இடத்தில், சுறா வாங்க வருகிறவர்கள் பாதிப்பேர் வீட்டில் பிள்ளைப்பேறு நடந்தவர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு. விற்கிற அக்காக்கள் கேட்காமலே சொல்வார்கள்: "பெருசு வேணாம்மா, பால்சுறா கையளவுல எடுத்துக்க." துண்டைத் தண்ணீரில் வேகவிட்டு, ஆறியதும் தோலை உரிக்க வேண்டும். விரலால் வழித்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஒரு மணல் வரும்; அது முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். பிறகு சதையை உதிர்த்து, மஞ்சள் போட்டுப் பிழிந்து, பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறையத் தாளித்துக் கிளற வேண்டியதுதான். அந்த மணல்தான் சுறாவின் செதில். நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பல். பல்லுக்கு உள்ள எனாமல், உள்ளே கூழ், எல்லாம் உண்டு. சுறாச் செதிலைப் பற்றிய பாடத்தை நான் எப்போதும் புட்டில்தான் தொடங்குவேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு யாரும் மதிப்பெண் இழந்ததில்லை.

மத்தியும் நெத்திலியும் ஆயிரக்கணக்கில் முட்டை விடும். இந்தக் குடும்பத்துச் சுறாக்கள் அப்படியில்லை. வயதுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும், ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகள்தான். கரையோரத்திலேயே வாழும் சின்ன சுறா என்றால் தூண்டில், செவுள்வலை, இழுவலை என்று எல்லாவற்றிலும் மாட்டும். பாண்டிச்சேரி சுறா ஒன்றரை மீட்டரைத் தாண்டாது என்று கருதுகிறார்கள். மார்புத் துடுப்பிலும் இரண்டாவது முதுகுத் துடுப்பிலும் வாலிலும் நுனி கறுத்திருக்கும். கறுத்த நுனி உள்ள சுறா இங்கே வேறு சிலவும் உண்டு. பல்லைப் பார்க்காமல் பிரிப்பது சிரமம். கூடையில் வந்திருந்தாலும் புட்டாகிப் போயிருக்கும்.

கடல்மீன் குறைகிறதா என்று அரசாங்கம் முதன்முதலில் கேட்டது 1870களில். கேட்டவர் பிரான்சிஸ் டே, சென்னை ராணுவத்தில் மருத்துவர். மீன்மேல் வந்த பைத்தியத்தில் இந்திய மீன்வளத்துக்கே தலைமை ஆய்வாளர் ஆனவர். 1873இல் இரண்டு அறிக்கைகள், ஒன்று நன்னீர் மீனுக்கு, மற்றது கடல் மீனுக்கு. ஜில்லா ஜில்லாவாகத் தாசில்தார்களுக்குக் கேள்வி அனுப்பி, வலைக்கண் எத்தனை சின்னது, குஞ்சு மீன் பிடிக்கிறார்களா, விலை என்ன என்று கேட்டு வாங்கித் தொகுத்தார். அவர் எழுப்பிய கூச்சலின் பலனாகத்தான் 1897இல் மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்றது அது. டேயின் 'இந்திய மீன்கள்' நூல் 1875 முதல் பகுதி பகுதியாக வந்தது. இன்றும் எங்கள் ஆய்வகங்களில் அதை வைத்துத்தான் மீன் அடையாளம் பார்க்கத் தொடங்குகிறோம். அவருடைய மீன்கள் லண்டன், லைடன், கல்கத்தா, சிட்னி என்று நாலாபக்கமும் பிரிந்துபோயின. சிட்னி அருங்காட்சியகம் 1883இல் விலை கொடுத்தே வாங்கியது.

டேயின் சட்டம் புதுச்சேரிக்குச் செல்லாது. அன்றைக்கு இது பிரெஞ்சு மண். கடலில் யாரும் கோடு போடவில்லைதான். கரையிலோ ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்தது ஆங்கிலேயருடையது. பெண் கொடுத்து எடுத்த உறவு இரண்டு பக்கமும். கடலூர்ப் பக்கத்து அண்ணன் ஒரு சட்டத்தில், வீராம்பட்டினத்துத் தம்பி இன்னொன்றில். உப்பு மட்டும் எல்லைக்குக் கட்டுப்படவில்லை. 1815 உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரர்கள் உப்பு, அபின் விஷயத்தில் ஆங்கிலேயரின் ஏகபோகத்துக்குத் தலையசைத்து, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார்கள். பணம் போனது பிரெஞ்சு அரசுக்கு. மீன் உலர்த்துகிற பெண்களுக்கு உப்புதான் மூலதனம் என்பது அந்தப் பேச்சுவார்த்தையில் யார் நினைவிலும் இருந்திருக்காது.

சென்னை மாகாணத்தில் மீன்வளத்தை ஒரு துறையாக்கியவர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வித்திட்ட அதே நிக்கல்சன்தான். ஓய்வு பெற்ற பிறகு 1905இல் இந்த வேலையை ஏற்றார், ஜப்பான்வரை போய் மீன் பதப்படுத்துவதைப் பார்த்து எழுதினார், 1907இல் மீன்வளச் செயலகம் அமைந்தது. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் கட்டுமரத்தையும் வலைகளையும் ஒன்றுவிடாமல் படம் போட்டு விவரித்தார். கரைக்காரர்களின் கைவேலையை அறிவு என்று மதித்து எழுதிய வெள்ளைக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் அவர். மலபார் கரையில் மீனவப் பிள்ளைகளுக்குத் துறை தனிப்பள்ளிகளே நடத்தியது. புதுச்சேரிக் குப்பத்துப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கடல் பாடம் என்றால் அப்பாவோடு கட்டுமரத்தில் உட்காருவதுதான். வாடை எப்போது திரும்பும், கச்சான் அடித்தால் எந்த மீன் விலகும், எந்த நிறத் தண்ணீரில் வலை போடலாம்: பாடத்திட்டம் ஒன்றும் குறைவானதல்ல.

கடலியலை முறையாகப் படிக்க எங்கள் தலைமுறை போன இடம் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷையா 1950களில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் தொடங்கிய நிலையம் அது. பின்னால் கடல் உயிரியல் உயராய்வு மையமாக வளர்ந்தது. புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் கடலூர், பிறகு பரங்கிப்பேட்டை. இடம் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆறு, கழிமுகம், கடல், பக்கத்தில் பிச்சாவரம் சதுப்புக்காடு, நாலும் நடை தூரத்திலும் படகு தூரத்திலும். மிதவை நுண்ணுயிரிகளுக்கு வலை இழுப்பது, சேற்றை அள்ளிச் சலிப்பது, உப்புத்தன்மையை மணிக்கு மணி அளப்பது என்று வேலை இடுப்பு ஒடியும். ஃபார்மலின் நாற்றம் தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் கிணற்றடிக்குத்தான் அனுப்புவாள். படகோட்டி வந்து "தண்ணி மாறிடுச்சு டீச்சரம்மா" என்பார். அரைமணி கழித்து எங்கள் உப்புமானியும் அதையே சொல்லும்.

மீன்வளத்துக்கென்றே கல்லூரி 1977இல் தூத்துக்குடியில் வந்தது, பல்கலைக்கழகம் 2012இல் நாகப்பட்டினத்தில். மீன் வளர்ப்பு என்பது ஒரு பட்டப்படிப்பாக மாறிய இடைக்காலத்தில்தான் இறால் ஜுரம் அடித்தது. 1990களின் தொடக்கத்தில் நாகை, காரைக்கால் பக்கம் நெல்வயல்கள் இறால் குட்டைகளாயின. மரக்காணம் கரையில் குஞ்சுப் பொரிப்பகங்கள் முளைத்தன. கறுப்பு வரி இறால் தொட்டியில் எளிதில் சினை விடாது; பெண் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கி எடுத்துவிட்டால் சில நாளில் விட்டுவிடும். முட்டை பழுக்காமல் தடுக்கும் சுரப்பு அந்தக் காம்பில்தான் இருக்கிறது. அதைச் செய்துகாட்டுகிற வகுப்பில் மாணவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நானும் வற்புறுத்தியதில்லை. வேலை என்னவோ அங்கேதான் கிடைத்தது. 1994–95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையாகச் செத்தது. உப்பேறிய வயலும் கெட்டுப்போன கிணறும் மிஞ்சிய ஊர்களில் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் மக்களைத் திரட்டி உச்ச நீதிமன்றம்வரை போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த இறால் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. 2005இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுக் கடலோர மீன்வளர்ப்புக்கு ஆணையம் அமைத்தது. 2009இல் வன்னமெய் என்ற பசிபிக் இறாலுக்கு அனுமதி கிடைக்க, தொழில் மறுபடி எழுந்தது. இந்த வரலாற்றைப் பாடநூல்கள் நோய், மகசூல் என்று இரண்டு தலைப்பில் முடித்துவிடும். கிணறு எந்தத் தலைப்பிலும் வராது.

நகரக் கரையில் நடந்தது வேறு. 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவரின் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரிபட்டது. காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணற்பரப்பு போய்ப் பாறாங்கல் வந்தது. குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் கட்டுமரம் ஏற்றிவைக்க இடமில்லை. கரைவலை இழுக்க நீண்ட மணல் வேண்டும். படகு அரைவட்டமாகச் சுற்றி வலையை விட்டு வரும். இரு முனையிலும் ஊரே நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடக்கும். பாறைமேல் யாரும் பின்னோக்கி நடக்க முடியாது. அந்தக் குப்பங்களில் கரைவலை ஒழிந்ததற்கு மீன் குறைந்தது இரண்டாவது காரணம்தான். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் ஆப்பு வடிவில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு நகரின் முன்னால் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. சாயங்காலம் சுற்றுலாக்காரர்கள் அதில் நின்று படம் எடுக்கிறார்கள்.

ஆராய்ச்சி கரைக்குத் திரும்பி வந்த கதை ஒன்று எனக்குத் தெரியும். 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியோடு, வில்லியனூரை நடுவாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தது. இன்டர்நெட் நகரத்திலேயே அபூர்வமாக இருந்த காலம். ஊர் இடம் தர வேண்டும், ஆள் தர வேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே இடம் கிடைத்தது. விவசாயக் கிராமம் நெல் விலை கேட்டது. வீராம்பட்டினம் அலை எவ்வளவு உயரம் என்று கேட்டது. வில்லியனூரில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அமெரிக்கப் போர்க்கப்பலுக்காகப் போட்ட கணக்கு, செங்கழுநீரம்மன் தேரோடும் ஊரில் வலை பின்னுகிறவர் காதில் விழுந்தது. நான் மாணவர்களை அழைத்துப்போனபோது ஒரு பெரியவரிடம், "இதை நம்பறீங்களாய்யா?" என்று கேட்டேன். "காத்தை நான் பாத்துக்குவேன் டீச்சர். நாளைக்கு வர்ற அலையை நான் எப்படிப் பாக்கிறது? அதுக்கு இது சரி" என்றார். பல்கலைக்கழகத்தில் முன்கணிப்பு மாதிரிகளைப் பற்றி நான் கேட்ட பல உரைகளைவிட அந்தப் பதில் தெளிவு.

2004 டிசம்பர் 26 காலை, சுனாமியின்போது, நல்லவாட்டில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்த தகவல் மையத்தில் முன்பு தொண்டராக இருந்த இளைஞர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட ஊர் கரையை விட்டு ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் தப்பினார்கள். அலை உயரம் வாசிக்கக் கட்டிய ஒலிபெருக்கி அது. தினமும் கேட்டுக் கேட்டு ஊருக்கு அதன்மேல் நம்பிக்கை ஏறியிருந்தது. இல்லையென்றால் அன்றைக்கு ஓடியிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஹைதராபாத்தின் கடல் தகவல் மையம் கடலின் நிலையோடு மீன் கூடும் இடத்தையும் சொல்கிறது. செயற்கைக்கோள், நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் அளந்து, இந்தத் திசையில் இத்தனை ஆழத்தில் மீன் இருக்கக்கூடும் என்று குறித்துத் தரும். டீசல் மிச்சம், சரி. ஆனால் மீனுக்கு ஒளிய இடமில்லை. அலை உயரத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லலாம். மீன் இருக்கும் இடத்தைச் சொன்னால் பெரிய எஞ்சின் வைத்தவன் முதலில் போய்ச் சேருவான்.

யார், எந்த வலையில், எப்போது பிடிக்கலாம் என்ற விஷயத்தில் இந்தக் கரையின் பழைய பல்கலைக்கழகம் ஊர்ப் பஞ்சாயத்து. மீன் வளத்தைக் கெடுக்கும் வலை, அடுத்தவன் பிழைப்பைக் கெடுக்கும் வலை, ஊரின் ஒற்றுமையைக் கெடுக்கும் வலை ஆகியவற்றைப் பஞ்சாயத்தார் கூடித் தடுப்பார்கள். மீறினால் அபராதம். இதைச் சட்டமாகவே எடுத்து ஆராய்ந்தவர் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் பாவிங்க். 1990களில் இங்கே தங்கிப் பார்த்து 2001இல் சோழமண்டலக் கரை மீன்பிடிப்பு பற்றி நூல் வெளியிட்டார். அதுவும் வெளியூரில் அச்சான புத்தகம்தான், ஆனால் அவர் பிடித்துப்போனது மீனை அல்ல, மீனவர் தீர்ப்பை. ஒரு கரையில் இரண்டு சட்டம் ஓடுகிறது என்று அவர் சொன்னதை எங்கள் குப்பங்களில் யாரும் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குச் சட்டம் 1983இல் வந்தது. புதுச்சேரிக்கு அதுபோன்ற சட்டம் கிடைக்க 2008 ஆனது. சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000இலேயே தடை செய்தது. எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் நிலைமை மாறும். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி விஷயத்தில் நல்லவாட்டுக்காரர்களும் வீராம்பட்டினத்துக்காரர்களும் மோதிக்கொள்ள, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டுக் கூட்டத்தைக் கலைத்தது. ஆமாம், அதே நல்லவாடு, அதே வீராம்பட்டினம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6வரை என்று எல்லை வகுத்தது. நெத்திலிக் கூட்டமும் கவலைக் கூட்டமும் கிழமை பார்த்து வருவதில்லை என்று வம்பாக்கீரப்பாளையத்தில் கேலி செய்கிறார்கள். அதில் விஷயம் இல்லாமல் இல்லை.

கோடைத் தடைக்காலமும் இந்த வகைதான். 2001இல் 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61 நாள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை கிழக்குக் கரையில் விசைப்படகு இறங்கக்கூடாது. மீன் சினை விடும் காலம் என்று காரணம் சொல்கிறோம். வகுப்பில் நாங்கள் மார்க்கெட் மீனின் வயிற்றைத் திறந்து சினையின் பருவத்தைக் குறிப்போம். ஆணின் வெண்பை, பெண்ணின் மஞ்சள்பை, கைபட்டால் உதிர்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கிழங்கானிலும் கானாங்கெளுத்தியிலும் தடைக்காலத்துக்கு வெளியேயும் முற்றிய சினை தாராளமாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான வகை மீன் வாழும் வெப்பக்கடலில் எல்லாவற்றுக்கும் ஒரே பிரசவ காலம் இருக்காது. தடையின் உண்மையான பயன், அத்தனை இழுவலைக்கும் இரண்டு மாத ஓய்வு கொடுப்பதே என்று நான் நினைக்கிறேன். அதை அப்படியே சொன்னால் மீனவர்களுக்கும் புரியும். சினைக் கதை சொன்னால் கூடையைத் திறந்துகாட்டி நம்மை மடக்கிவிடுவார்கள்.

புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. வளாகம் காலாப்பட்டில், கடற்கரையை ஒட்டி. கொஞ்சம் நடந்தால் மீனவர் குப்பம். அதன் கடலாய்வு, கடல் உயிரியல் துறையோ போர்ட் பிளேரில் இருக்கிறது, 1999 முதல். வரைபடத்தில் கோடு போட்டால் எங்கள் ஊருக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, சுமார் 1,400 கி.மீ. பவளப்பாறை படிக்க அந்தமானைவிட நல்ல இடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இழுவலை என்ன செய்கிறது என்று படிக்கத் தேங்காய்த்திட்டு துறைமுகம் போதும்.

போர்ட் பிளேரில் முதுகலை முடித்த என் பழைய மாணவி ஒருத்தி இப்போது தேங்காய்த்திட்டில் இறங்கும் மீனைக் கணக்கெடுக்கிறாள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா எல்லாம் ஏலத்துக்குப் போன பிறகு, தளத்தில் மிஞ்சும் குவியலைத்தான் அவள் பார்க்கிறாள். விரல் நீளக் குட்டிகள், நசுங்கிய நண்டு, காரப்பொடி, பெயரில்லாதவை. கழிவு மீன் என்று இதற்குப் பெயர். லாரியில் அள்ளித் தூளாக்கிக் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். பண்ணை இறால் கடலுக்கு விடுதலை என்று ஒரு காலத்தில் நாங்கள் வகுப்பில் சொன்னோம். அந்த இறால் தின்பது இந்தக் குட்டிகளை. கேரளம் 2017இல் 58 வகைகளுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது, அதற்குக் கீழ் பிடித்தால் குற்றம். அந்த மாதிரி விதி இங்கே வர வேண்டுமென்றால் குவியலில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இதுநாள்வரை அது கணக்கேட்டில் 'இதர மீன்கள்' என்று ஒரே வரி. அவள் அந்த வரியைப் பிரிக்கிறாள். தரம் பிரிக்கிற பெண்கள் பெயர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து அளந்து எழுதுகிறாள். அண்மையில் போனில் கேட்டாள்: "காரப்பொடியே நாலஞ்சு வகை வருது மேடம். ஆயா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் சொல்றாங்க. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுடட்டுமா?"

"பிரிச்சே எழுது" என்றேன். "ஆயா சொல்ற பேரையும் பக்கத்துல எழுது. ஆயா பேரையும்."